பாகர்ட் பேயா?

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்து நாட்டார் கதைகளைத் தமிழில் எழுதிப் பார்க்கிறேன். 'பாகர்ட்' என்று ஒன்று அடிக்கடி வருகிறது. பாலைத் திரிய வைக்கிறது, குதிரையை நொண்ட வைக்கிறது, தூங்குகிறவர்களின் போர்வையை உருவுகிறது. இதைப் 'பேய்' என்று எழுதலாமா? இத்தனை கெட்ட புத்தி உள்ளது ஏன் அற்பச் சேட்டைகளோடு நின்றுவிடுகிறது?

கே.

அன்புள்ள கே.,

பேய் வேண்டாம், பாகர்ட் என்றே விடுங்கள். பேய் என்று எழுதினால் செத்தது யார், தீராத ஆசை என்ன என்று நம் வாசகர் தேட ஆரம்பித்துவிடுவார். லங்காஷயர் பக்கம் சாலையோரத்து ஆவிகளையும் பாகர்ட் என்பார்கள்தான். ஆனால் உங்களுடையது வீட்டு பாகர்ட். யாரும் செத்து வந்ததல்ல. பல கதைகளில் அது முதலில் 'ஹாப்' அல்லது 'பிரவுனி'. ராத்திரியில் கதிரடித்து, வீடு கூட்டி, கூலியாகக் கிண்ணம் பாலேடு குடித்துவிட்டுப் போகும். அவமதித்தால் முறுக்கிக்கொண்டு பாகர்ட் ஆகிவிடும்.

அற்பம் என்கிறீர்கள். நாலு மாட்டை நம்பிப் பிழைக்கிற வீட்டில் வெண்ணெய் திரளாவிட்டால் அது அற்பமா? தாழி உடைந்த கதை நமக்குத் தெரியாததா? உயிரை எடுக்கிறவையும் அங்கே உண்டு. பாசி மூடிய குளத்துக்குள் பிள்ளைகளை இழுத்துக்கொள்ளும் ஜென்னி கிரீன்டீத் அப்படி ஒன்று. (அந்தப் பாசிக்கே அவள் பெயர்தான்.) குளத்துப் பக்கம் போகாமல் இருந்துவிடலாம், வீட்டை விட்டு எங்கே போவது?

யார்க்‌ஷயர் கதை ஒன்றில் ஜார்ஜ் கில்பர்ட்சன் என்ற விவசாயி போய்ப் பார்த்தார். அவர் வீட்டு பாகர்ட் பிள்ளைகள் கையிலிருந்து ரொட்டியைப் பிடுங்கும். மரத்தடுப்பின் ஓட்டையில் கடைக்குட்டி எதையாவது விட்டால் அது திரும்பி அவன் மண்டைக்கே வரும். பொறுக்க முடியாமல் தட்டுமுட்டுச் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். வழியில் பக்கத்து வீட்டுக்காரர், "என்ன ஜார்ஜ், காலி பண்ணிட்டியா?" என்று கேட்கிறார். பதில், வெண்ணெய் கடையும் பீப்பாய்க்குள்ளிருந்து வருகிறது: "ஆமாப்பா, வீடு மாறுறோம்."

மனுஷன் வண்டியைத் திருப்பிவிட்டார். கூடவேதான் வரப்போகிறது, வசதி குறைந்த இன்னொரு வீட்டில் போய் ஏன் அவதிப்பட வேண்டும்!

இதை எழுதும்போது 'நாங்க' என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்துக்கு 'வி' ஒன்றுதான். நமக்கு நாம் வேறு, நாங்கள் வேறு. 'நாங்க வீடு மாறுறோம்' என்றால் கேட்டவர் வெளியாள், பீப்பாய்க்குள் இருப்பது குடும்பத்து ஆள்.

முடித்ததும் அனுப்புங்கள், படிக்கிறேன்.