உணவு ஆபத்துச் செய்தி வந்ததும் எல்லோரும் அந்தப் பொருளையே ஒதுக்குகிறார்கள், சில மாதத்தில் மறந்துவிடுகிறார்கள். ஏன்? உண்மையில் என்ன செய்ய வேண்டும்?

‘மக்களுக்கு விவரம் போதாது’ என்பது சோம்பேறித்தனமான பதில். பயத்தின் அளவை ஆபத்தின் அளவு தீர்மானிப்பதில்லை, அதன் தன்மைதான் தீர்மானிக்கிறது. கண்ணுக்குத் தெரியாதது, நாமாகத் தேர்ந்தெடுக்காதது, பெயரே புரியாதது, குழந்தைகளைத் தாக்கக்கூடியது. இவற்றில் இரண்டு சேர்ந்தாலே போதும். பூச்சிமருந்து எச்சம் என்றதும் பதறுகிறவர், சமைத்ததை ஐந்தாறு மணி நேரம் வெளியே வைத்திருந்து சாப்பிடத் தயங்குவதில்லை. அவரை நாளைக்கே படுக்கவைக்கக் கூடியது அதுதான். ஆனால் அது அவர் கைக்குள் இருக்கும் விஷயம், அதனால் பயம் வருவதில்லை.

பயம் எப்போதும் பொருளின் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். 2011-இல் ஜெர்மனியில் ஈ.கோலை என்ற பாக்டீரியா பரவி ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முதலில் ஸ்பெயின் வெள்ளரிக்காய் மேல் பழி விழுந்தது. வெள்ளரி மட்டுமில்லை, தக்காளி, கீரை விற்பனையும் ஐரோப்பா முழுக்கச் சரிந்தது. கடைசியில் காரணம் என்று தெரியவந்தது முளைகட்டிய வெந்தயம். மறுப்புச் செய்தி வந்த பிறகும் விற்பனை உடனே நிமிராது. பழைய தலைப்பு மனதில் தங்கிவிடுகிறது.

செய்தியைப் படிக்கும்போது ‘எவ்வளவு சாப்பிட்டால்?’ என்ற கேள்வியை முதலில் கேளுங்கள். 2023-இல் அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பு, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வைத்திருக்கும் ‘புற்றுநோய் ஏற்படுத்தக்கூடும்’ என்ற பட்டியலில் சேர்ந்தது. அந்தப் பட்டியல் சொல்வது சான்று எவ்வளவு வலுவானது என்பதை; எவ்வளவு தின்றால் கெடுதல் என்பதை அல்ல. நாள் வரம்பு மாறவில்லை: உடல் எடையில் கிலோவுக்கு 40 மி.கி. 70 கிலோ எடையுள்ளவருக்கு அது 2,800 மி.கி. ஒரு டயட் பானக் கேனில் 200 முதல் 300 மி.கி. என்று வைத்தால், வேறெதிலும் அஸ்பார்டேம் சேராத நிலையில், 9 முதல் 14 கேன் வரை போக வேண்டும்.

சதவீதத்திலும் ஒரு பொறி உண்டு. பதப்படுத்திய இறைச்சி தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து 18% கூடும் என்று அதே அமைப்பு 2015-இல் சொன்னது. வாழ்நாளில் நூறு பேரில் 5 பேருக்கு அந்த நோய் வரும் இடத்தில், அது ஏறக்குறைய 6 பேராகும். புறக்கணிக்க வேண்டாம், ஆனால் ‘18 பேருக்கு’ என்றும் படிக்க வேண்டாம்.

நிறுவனம் ஒரு பொருளைத் திரும்பப் பெறுகிறது என்ற செய்தியா? அப்போது பார்க்க வேண்டியது பிராண்டை அல்ல, பேட்ச் எண்ணையும் தேதியையும். இங்குதான் பலர் சறுக்குகிறார்கள்: கடையில் அந்த வகையையே தொடுவதில்லை, வீட்டு ஃப்ரீசரில் அதே பேட்ச் பாக்கெட் மாதக்கணக்கில் கிடக்கும். டப்பாவில் கொட்டிவிட்டுக் கவரை எறிந்தவருக்குச் சரிபார்க்க வழியே இல்லை. லேபிளை வெட்டி டப்பாவுக்குள்ளேயே போட்டுவையுங்கள்.

முகர்ந்து பார்த்தோ ருசி பார்த்தோ முடிவுசெய்யக் கூடாது. நோய்க்கிருமி இருக்கும் உணவு பெரும்பாலும் நன்றாகவே மணக்கும். ‘கொதிக்கவைத்தால் போயிற்று’ என்பதும் பாதிதான் சரி. சால்மோனெல்லா என்ற கிருமி சாகும். ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமி விட்டுச்செல்லும் நச்சும் பூஞ்சையின் நச்சான அஃப்லாடாக்சினும் ஈயமும் சமையலுக்கு அசையாது. லிஸ்டீரியா என்ற கிருமி இருப்பதாகச் செய்தி வந்தால் பாக்கெட்டை எறிந்ததோடு விடாமல் அது இருந்த ஃப்ரிட்ஜ் தட்டையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அந்தக் கிருமி ஃப்ரிட்ஜ் குளிரிலும் பெருகும்.