டாபர்மேன் குட்டிக்குக் காது வெட்டாவிட்டால் காவலுக்கு நிற்காதா?

கேள்வி: ஒன்பது வார டாபர்மேன் ஆண் குட்டி வாங்கியிருக்கிறேன், தோட்டத்துக் காவலுக்கு. காது வெட்டினால்தான் நிமிர்ந்து நிற்கும், பார்க்கிறவன் பயப்படுவான், சீழ் பிடிக்காது என்று குட்டி கொடுத்தவரும் அப்பாவும் சொல்கிறார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை வெட்ட ஆள் வருகிறார். என்ன செய்யலாம்?

வெட்ட வேண்டாம் தம்பி.

தம்பி என்று கூப்பிடுவதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்பா பேச்சைச் சட்டென்று தட்ட முடியாத இடத்தில் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். நானும் அப்படித்தான் இருந்தேன். 2014-இல் இதே வயதுக் குட்டியின் முன்னங்கால் இரண்டையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான். உங்கள் கேள்வியைப் படித்தபிறகு பேசாமல் போக மனசு வரவில்லை.

எங்களுக்கு உடுமலைப் பக்கம் தென்னந்தோப்பு. வீடும் தோப்புக்குள்ளேயே. அந்த வருஷம் தைக்கும் சித்திரைக்கும் நடுவில் இரண்டு தடவை போர் மோட்டார் கேபிளை அறுத்துக்கொண்டு போனார்கள். இருந்த நாட்டு நாய்க்கு விஷம் வைத்துவிட்டார்கள். அதோடு எங்க வீட்டுக்காரர் டாபர்மேன்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். 14,000 ரூபாய் கொடுத்துக் கோயம்புத்தூரிலிருந்து குட்டி வந்தது. வாலை அங்கேயே நறுக்கியிருந்தார்கள். காது மட்டும் முழுசாக, இரண்டு பக்கமும் பூவரச இலை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. சீசர் என்று பெயர் வைத்தோம்.

முதலில் எங்கள் மாட்டுக்கு வருகிற டாக்டரைத்தான் கேட்டோம். அவர் மாட்டேன் என்றுவிட்டார். "நான் இதைச் செய்யறதில்லீங்க அம்மிணி. இந்தச் சாதி நாய்க்கு ரத்தம் சீக்கிரம் உறையாத குறை ஒண்ணு பரம்பரையா வருது. அது இருக்குதா இல்லையான்னு பார்க்காம கத்தி வெக்கறது தப்பு. தடுப்பூசியே இன்னும் முடியல" என்றார். வான் வில்லிபிராண்ட் என்று அந்தக் குறைக்குப் பெயரும் சொன்னார். டாபர்மேனில் அது அதிகம். எனக்கு அப்போதே வயிற்றில் புளியைக் கரைத்தது. ஆனால் குட்டி கொடுத்தவர், "டாக்டருங்களுக்கு இந்த வேலை வராதுங்க, நான் ஆள் அனுப்பறேன்" என்றார். வீட்டுக்காரர் சரி என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

வந்தவர் டாக்டர் இல்லை. பையில் ஒரு கிளாம்ப், கத்தரி, ஊசி, நூல், பிளாஸ்டர். களத்தில் கயிற்றுக்கட்டிலைப் போட்டு அதன்மேல் பழைய போர்வையை விரித்தோம். குட்டிக்குத் தொடையில் ஓர் ஊசி போட்டார். அது மயக்க மருந்தா, வெறும் தூக்க மருந்தா என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. சுற்றி நின்றவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். என் அண்ணன் வந்திருந்தான். "தாய்மாமன் மடியில உக்கார வெச்சுத்தானே காது குத்தணும், கொண்டா இப்படி" என்றான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். முதல் காது முடிகிறவரை குட்டி அசையவில்லை. இரண்டாவது காதில் பாதி போனபோது விழித்துக்கொண்டது. என் கைக்குள் இருந்த கால்கள் எப்படி உதறின என்பதை எழுத எனக்கு வரவில்லை. "விட்டுடாதீங்க, விட்டா கோணையாப் போயிரும்" என்று அவர் அதட்ட, நான் இன்னும் இறுக்கிப் பிடித்தேன். வெட்டிய துண்டுகளை வாழை மரத்தடியில் போட்டார். 2,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, காப்பி குடித்துவிட்டுப் போனார்.

வெட்டினால் காது தானாக நிமிர்ந்துவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். நிமிராது. குருத்தெலும்பை நெட்டுக்குத்தாக வைத்து டேப் சுற்றி, மாதக்கணக்கில் கட்டிக்கட்டித்தான் நிறுத்த வேண்டும். முதல் பத்துப் பன்னிரண்டு நாள் தலைமேல் தெர்மோகோல் கப்பைக் கவிழ்த்து அதில் இரண்டு காதையும் ஒட்டியிருந்தது. தையல் பிரித்தபிறகு பஞ்சுருட்டை உள்ளே வைத்துக் கட்ட வேண்டும். நாலைந்து நாளுக்கு ஒரு தடவை பிரித்து, துடைத்து, மறுபடி கட்ட வேண்டும். நனைந்தால் உள்ளே புழுங்கிப் புண்ணாகும். நாலாம் மாதம் பல் விழுந்து முளைக்கும்போது நின்ற காதும் தொய்யும், திரும்ப முதலிலிருந்து கட்ட வேண்டும். உங்கள் வீட்டில் இந்த வேலை யார் தலையில் விழும் என்று யோசித்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் முடிவு எடுத்தவர் வேறு, டேப் பிரித்தவள் வேறு. ஐந்தரை மாதம் நான்தான் பிரித்தேன். முடியோடு ஒட்டிய பிளாஸ்டரை உரிக்கும்போது சீசர் கத்தாது. உடம்பைக் குறுக்கிக்கொண்டு தரையை நனைத்துவிடும்.

மூன்றாவது வாரம் இடது காது வீங்கிச் சீழ் வைத்தது. அதே டாக்டரிடம்தான் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் என்னைத் திட்டவில்லை. சுத்தம் செய்து, ஊசி போட்டு, "இந்தக் காது நிக்காதுங்க" என்று மட்டும் சொன்னார். அதேபோல் நிற்கவில்லை. கடைசிவரை வலது காது கொம்பு மாதிரி நிற்கும், இடது காது பாதியில் மடிந்து கிடக்கும். எங்க வீட்டுக்காரர் ஆசைப்பட்ட அந்த முகம் எங்களுக்குக் கிடைக்கவே இல்லை.

ஆனால் நான் வருத்தப்படுவது மடிந்த காதுக்காக இல்லை. சீசர் சாகும்வரை யாரையும் தலையைத் தொட விடவில்லை. என்னையும்தான். கை தலைக்கு மேலே போனாலே பல்லைக் காட்டும். பிறந்து மூன்றாவது வாரத்திலிருந்து மூன்று மாதம் வரைதான் நாய்க்குட்டி எது நல்லது, எது ஆபத்து என்று மனசில் பதித்துக்கொள்ளும் காலம். காது வெட்ட ஏற்ற வயது என்று அவர்கள் சொல்கிற ஏழு முதல் பன்னிரண்டு வாரமும் அதற்குள்ளேதான் வருகிறது. மனுஷக் கை என்றால் வலி என்று நாங்கள் அந்த வாரங்களில் கற்றுக்கொடுத்தோம். காதுக்குள் உண்ணி ஏறினால் எடுக்க முடியாது. ஒவ்வொரு தடவையும் வாய்ப்பூட்டு மாட்டி இரண்டு பேர் அமுக்க வேண்டும். இரண்டு தடவை உண்ணிக் காய்ச்சல் வந்து பிழைத்தது. ஏழாவது வயதில் இதயம் வீங்கிப் போய்ச் சேர்ந்தது. அது இந்த இனத்துக்கே உள்ள நோய், காது வெட்டியதால் வந்தது என்று சொல்லமாட்டேன்.

காது வெட்டினால் சீழ் பிடிக்காது என்று உங்களிடம் சொன்னார்களே, அதையே நான் டாக்டரிடம் கேட்டேன். ஒரு சீட்டில் 'ட' எழுதிக் காட்டினார். நாயின் காதுக்குழாய் அப்படித்தான், கீழே இறங்கி உள்ளே மடங்கிப் போகிறது. சீழும் பூஞ்சையும் வருவது அந்த மடக்கில். பெரும்பாலும் ஒவ்வாமையால் வரும், குளிப்பாட்டித் துடைக்காமல் விட்டாலும் வரும். வெளியே இருக்கிற மடலை நறுக்கினால் அந்த மடக்கு நேராகிவிடாது. பிறவியிலேயே காது நிமிர்ந்த ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் காதில் சீழ் வரத்தான் செய்கிறது. தொங்கு காது நாய்க்கு வாரம் ஒரு தடவை காதைத் திருப்பிப் பார்த்து, ஈரம் இருந்தால் துடைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

இது அந்த இனத்தின் மரபு, மாற்றக்கூடாது என்று அப்பா சொன்னால் ஒன்று சொல்லுங்கள். டாபர்மேன் உருவான ஊர் ஜெர்மனியில் அப்போல்டா. வரி வசூலித்துக்கொண்டிருந்த லூயி டாபர்மேன் என்பவர் தன் காவலுக்கு உருவாக்கிய நாய் அது. அந்த ஜெர்மனியிலேயே 1987 முதல் காது வெட்டத் தடை. சர்வதேச நாய்ச் சங்கமான எஃப்சிஐ 2015-இல் திருத்திய இனத்தர விதியில், காது இயற்கையாக இருக்க வேண்டும் என்றே எழுதியிருக்கிறது. அமெரிக்கக் கண்காட்சியில் இன்னும் வெட்டிய காதுதான் வழக்கம். நம் ஆட்கள் பார்த்து ஆசைப்படுகிற படமெல்லாம் அங்கிருந்து வருவதுதான். அந்த நாட்டிலும் கால்நடை மருத்துவர்களின் பெரிய சங்கம், அழகுக்காக வெட்டுவதை எதிர்க்கிறது.

நம் நாட்டில் 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், 11-ஆவது பிரிவு, விலங்கின் உறுப்பைச் சிதைப்பதைக் குற்றம் என்கிறது. முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான். அதனால்தான் யாரும் பயப்படுவதில்லை. மாட்டுக்கு மூக்கணாங்கயிறு போடுகிறோமே, காயடிக்கிறோமே, சூடு வைக்கிறோமே, அதெல்லாம் வதை இல்லையா என்று என் கொழுந்தனார் கேட்பார். நீங்களும் கேட்க நேரலாம். அவற்றை அதே சட்டம் தனியாகப் பெயர் சொல்லி விலக்கியிருக்கிறது, நாயின் காது அந்தப் பட்டியலில் இல்லை. நானும் மாடு வைத்திருப்பவள்தான், கோழிக்கறி சாப்பிடுகிறவள்தான். பட்டணத்தில் சோபாவில் நாயை வைத்துக்கொண்டு ஊருக்கு உபதேசம் செய்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். மூக்கணாங்கயிறு இல்லாமல் காளையை ஏரில் பிடிக்க முடியாது. காது மடல் இருப்பதால் நாய் செய்ய முடியாத வேலை எது என்று யாராவது எனக்குச் சொல்லட்டும்.

காவலைப் பற்றிக் கேட்டீர்கள். சீசர் நன்றாகக் குரைத்தது, மறுக்கவில்லை. ஆனாலும் 2017-இல் மறுபடியும் கேபிள் போயிற்று. தலையைத் தொட விடாத நாயைக் கழுத்துப்பட்டை பிடித்து அவிழ்த்துவிட வேலையாட்கள் பயந்தார்கள். அன்றைக்கு நாங்கள் ஊரில் இல்லை. நாய் வீட்டு வாசலில் சங்கிலியில் கிடந்தது, போர் மோட்டார் தோப்பின் அந்தக் கோடியில் இருந்தது.

கேபிள் பேச்சு எடுத்தால் எனக்கு ஆறாது. இருபது முப்பதடி கேபிளை அறுத்து, கொளுத்தி, காப்பரை மட்டும் எடுத்து எடைக்குப் போடுகிறார்கள். அவனுக்குக் கிடைப்பது சில ஆயிரம். நமக்குப் புதுக் கேபிள், ஆள் கூலி, சித்திரை வெயிலில் ஒரு வாரம் தண்ணீர் பாயாமல் உதிர்கிற குரும்பை. கருகிய காப்பரை நடுராத்திரி தூக்கிக்கொண்டு வருகிறவனிடம் எங்கிருந்து வந்தது என்று ஒரு வார்த்தை கேட்காமல் வாங்குகிற கடைகள் இருக்கிறவரை இது நிற்காது. புகார் கொடுக்கப் போனால், பில் இருக்கிறதா என்று நம்மைத்தான் கேட்டார்கள். நாய் வாங்கியதே இதனால்தான். கேட்க வேண்டியவர்கள் கேட்டிருந்தால் ஒரு குட்டியின் காதுவரைக்கும் இது வந்திருக்காது என்று எனக்குத் தோன்றும்.

இப்போது எங்களிடம் இருப்பது பைரவி. பெயர் அத்தை வைத்தது. இவளும் டாபர்மேன்தான். இந்தத் தடவை காதைத் தொடக்கூடாது என்று சொல்லித்தான் குட்டிக்குப் பணம் கொடுத்தேன். வீட்டுக்காரர் வாயைத் திறக்கவில்லை. காது நிமிராததால் ஒன்று குறைவுதான், ஒத்துக்கொள்கிறேன். தோப்பு வழியாகப் போகிற புது ஆள் அவளைத் தூரத்தில் பார்த்துப் பயப்படமாட்டான், லேப்ரடார் கலப்பா என்று கேட்டவர்கள் உண்டு. ஆனால் ராத்திரியில் காது தெரியாது, குரல்தான் தெரியும். மட்டை விழுந்த சத்தத்துக்குப் பேசாமல் இருப்பாள், மிதித்த சத்தத்துக்கு எழுந்துவிடுவாள். மடல் தொங்கினாலும் அதன் அடி நிமிர்ந்து அந்தப் பக்கம் திரும்புவதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். பயமா, சந்தேகமா, என்னோடு விளையாட வருகிறாளா என்பதெல்லாம் எனக்கு அந்தக் காதில்தான் தெரிகிறது. சீசரிடம் கடைசிவரை எனக்கு அது தெரியவில்லை. தோப்பில் தேங்காய் போட வருகிற அம்மாவே போய் அவளை அவிழ்த்துவிடுகிறார். அதனால் ராத்திரி முழுக்கச் சுற்றுகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை வருகிற ஆளிடம் இன்றைக்கே போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். முன்பணம் கொடுத்திருந்தால் போகட்டும். அப்பா ஒத்துக்கொள்ளவில்லையென்றால் இதைப் படித்துக் காட்டுங்கள், இல்லையென்றால் பல் முளைத்து முடியட்டும் என்று நாளைத் தள்ளுங்கள். குட்டி பெரிதானபிறகு வெட்ட அவர்களே தயங்குவார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை குட்டியைக் கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போய் அடுத்த தடுப்பூசி எப்போது என்று கேளுங்கள். இந்த வயதில் பார்வோ என்கிற வைரஸ் வயிற்றுப்போக்கு வந்தால் நாலு நாளில் குட்டி போய்விடக்கூடும். சாயங்காலம் சோறு வைக்கும்போது காதை மெதுவாகத் திருப்பிப் பார்த்துப் பழக்குங்கள். பைரவிக்கு நான் அப்படித்தான் பழக்கினேன், இப்போது நான் உட்கார்ந்தால் அவளே வந்து தலையை மடியில் வைக்கிறாள்.