கலியாணம் பேசுகிறார்கள், பழைய கான்சரைச் சொல்ல வேண்டுமா?

கேள்வி: 16 வயதில் எனக்கு ஹொட்ஜ்கின் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் வந்தது. மஹரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலையில் கீமோவும், பிறகு கழுத்துக்கும் நெஞ்சுக்கும் கதிர் சிகிச்சையும் தந்தார்கள். இப்போது 25 வயது, சுகமாக இருக்கிறேன். வீட்டில் கலியாணம் பேசுகிறார்கள். "ஒருத்தரிட்டயும் மூச்சு விடாதே" என்கிறார் அம்மா. மஹரகம பஸ்ஸில் ஏறினாலே ஊருக்குத் தெரிந்துவிடும் என்று 2 வருடமாக கிளினிக் போகவும் விடவில்லை. மறைப்பது சரியா? எனக்குப் பிள்ளை பிறக்குமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: மகள், கலியாணக் கதைக்குப் பிறகு வருவோம். முதலில் அந்த 2 வருடம்.

உங்கள் நோய் இளவயதில் பெரும்பாலும் முற்றாகக் குணமாவது. இத்தனை வருடம் கழித்துத் திரும்புவது அரிது. கிளினிக்கில் இப்போது பார்ப்பது சிகிச்சை விட்டுப்போன பாதிப்புகளைத்தான். கழுத்தில் பட்ட கதிர் தைரொய்டை மெல்ல மந்தமாக்கலாம். அதற்கு வருடம் ஒரு டி.எஸ்.எச். இரத்தப் பரிசோதனை. நெஞ்சில் பட்ட கதிரால் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடும். ஆகவே 25 வயது அல்லது கதிர் சிகிச்சை முடிந்து 8 வருடம், எது பிந்தியதோ அதிலிருந்து வருடாவருடம் எம்.ஆர்.ஐ., மமோகிராம் பார்க்கச் சொல்கிறோம். கணக்குப் பாருங்கள், உங்களுக்கு அது இந்த நேரம்தான். அம்மாவுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள்.

மறைப்பதன் இன்னொரு பக்கத்தையும் சொல்கிறேன். இந்த நோய்க்குப் பலருக்கும் தரும் டொக்சோரூபிசின் என்ற கீமோ மருந்து இதயத் தசையைப் பலவீனமாக்கலாம். அதனால் கர்ப்பமாவதற்கு முன் எக்கோ என்ற இதய ஸ்கேன் ஒன்று எடுக்க வேண்டும். நுரையீரலைப் பாதிக்கக்கூடிய பிளியோமைசின் என்ற மருந்து ஏற்றியிருந்தால், மயக்க மருந்து தரும் வைத்தியருக்கு அது தெரிந்திருக்க வேண்டும், ஒட்சிசனைக் கவனமாகக் கொடுப்பார். இரத்தம் ஏற்ற வேண்டி வந்தால், ஹொட்ஜ்கின் வந்தவர்களுக்குக் கதிர்வீச்சுப் பட வைத்த இரத்தமே பாதுகாப்பு. இனி யோசியுங்கள்: நடுராத்திரி அவசர சிசேரியன், நீங்கள் பேசும் நிலையில் இல்லை, வெளியே நிற்கும் கணவருக்கு ஒன்றுமே தெரியாது. இந்த விபரங்களை யார் சொல்வது?

அதனால் மாப்பிள்ளைக்குச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் தரகருக்கும் பெரியம்மாமாருக்கும் சொல்லத் தேவையில்லை, அது உங்கள் உடம்பு. சாதகம் பொருந்தி, இருவருக்கும் பிடித்தபின், கலியாண எழுத்துக்கு முன் அவரிடம் நேரே சொல்லுங்கள். அழுது மன்னிப்புக் கேட்கிற மாதிரி வேண்டாம், நீங்கள் பிழை செய்யவில்லை. "16 வயதில் இந்த நோய் வந்தது, சிகிச்சை முடிந்தது, வருடம் ஒருமுறை செக் பண்ணுவேன்" என்பது போதும். தொற்றுமா என்பார், தொற்றாது. பிள்ளைகளுக்கு வருமா என்பார். இது பொதுவாகப் பரம்பரையாகக் கடத்தப்படும் நோய் அல்ல. சந்தேகம் இருந்தால் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு வரட்டும், பல சோடிகள் அப்படி வருகிறார்கள். கேட்டுவிட்டு அவர் விலகினால் மனம் நோகும், ஆனால் கலியாணமாகி மூன்றாம் மாதம் மாமி மாத்திரைப் பெட்டியைத் திறந்து கண்டுபிடிப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

பிள்ளை பிறக்குமா என்பது எந்த மருந்து ஏற்றினார்கள் என்பதில் இருக்கிறது. சில மருந்துக் கூட்டுகள் சூலகத்தை அதிகம் பாதிப்பதில்லை. சைக்ளோபொஸ்பமைட், புரோகார்பசின் போன்றவை கூடிய அளவில் போயிருந்தால் முட்டைகள் வேளைக்கே குறையலாம். வயிற்றுக்குக் கதிர் படாதது நல்லது. மாதவிடாய் ஒழுங்காக வருவதும் நல்ல அறிகுறி, ஆனால் அதை மட்டும் நம்பி வருடங்களைத் தள்ள வேண்டாம். முட்டைகளின் இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். இரத்தப் பரிசோதனை செய்து மகப்பேற்று நிபுணர் ஒருவரைப் பாருங்கள்.

இதற்கெல்லாம் நோயும் சிகிச்சையும் எழுதித் தந்த உங்கள் டயக்னோசிஸ் கார்ட் வேண்டும். மருந்துகளின் பெயரும் கதிரின் அளவும் அதில் இல்லையென்றால், கிளினிக்கில் கேட்டு எழுதி வாங்குங்கள். ஒரு பிரதியைக் கைப்பையில் வைத்திருங்கள், போனில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.