படித்தது மறக்கிறது, ஒகேனக்கல் மறப்பதில்லை: ஏன்?

தேர்வுக்குப் படித்தது ஒரே வாரத்தில் மறந்துவிடுகிறது, ஏழு வயதில் பார்த்த ஒகேனக்கல் மட்டும் ஏன் அப்படியே இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். தருமபுரியில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தரும் எனக்கு மிக நெருக்கமான கேள்வி இது.

அருவியின் இரைச்சல், பரிசல் சுழன்றபோது வந்த பயம், மீன் வறுவலின் மணம் எல்லாம் சேர்ந்தே பதிந்தன. உணர்ச்சி மிகுந்த நிகழ்வுகள் ஆழமாகப் பதிய மூளையின் அமிக்டலா என்ற சிறு பகுதி உதவுகிறது. பிறகு வீட்டில் அதைப் பலமுறை பேசியும் இருப்பீர்கள். பாவம், பாடத்துக்கு இவற்றில் எதுவும் கிடைக்கவில்லை.

ஜெர்மானிய உளவியலாளரான எபிங்காஸ், பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து சோதித்து 1885இல் முடிவுகளை வெளியிட்டார். ஒரே நாளில் பெரும்பகுதி நழுவியது. அதன்பின் இழப்பு மெதுவானது. மறந்ததை மீண்டும் கற்கக் குறைந்த நேரமே பிடித்தது. அதாவது, சுவடு முழுவதும் அழியவில்லை! ஆகவே மறுநாளே புத்தகத்தை மூடிவைத்து, நினைவிலிருந்து எழுதிப் பாருங்கள்.