பெயர் தெரியாத ஊரா சோப்ரோன்?

கேள்வி: 2022-ல் ஐரோப்பிய பெண்கள் கூடைப்பந்து லீக் கோப்பையை, ஹங்கேரியில் சோப்ரோன் என்ற பெயர் தெரியாத ஊரின் அணி வென்றது. உக்ரைன் போரால் ரஷ்ய அணிகளைப் பாதியில் நீக்கினார்கள், அதனால் கிடைத்த அதிர்ஷ்டக் கோப்பைதானே அது? அதைப் போய் மகத்தான வெற்றி என்று எழுதியிருந்தீர்களே?
- ஒரு வாசகர், கும்பகோணம்.

பதில்: பெயர் தெரியாத ஊர் என்று எழுதிவிட்டீர்கள். முதலில் ஊரைப் பேசிவிடுவோம், கோப்பை அப்புறம்.

சோப்ரோனின் ஜனத்தொகை உங்கள் கும்பகோணத்தில் பாதிகூட இல்லை, ஏறக்குறைய 60,000. வரைபடத்தில் ஆஸ்திரியாவுக்குள் துருத்திக்கொண்டு நிற்கும். முதல் உலகப் போர் முடிந்ததும் அந்தப் பகுதியை ஆஸ்திரியாவுக்குக் கொடுப்பதாக முடிவாயிற்று. ஊர்க்காரர்களையே கேட்டுவிடலாம் என்று 1921 டிசம்பரில் வாக்கெடுப்பு நடந்தது. ஜெர்மன் பேசுகிறவர்கள் நிறைந்த ஊர் அது. அப்படியிருந்தும் பெரும்பான்மையோர் ஹங்கேரியோடு இருக்கிறோம் என்றார்கள். அதற்காக ஹங்கேரி நாடாளுமன்றம் 'மிக விசுவாசமான நகரம்' என்ற பட்டத்தைக் கொடுத்தது. பழைய நகரில், தீ விபத்தைக் கண்காணிக்கக் கட்டிய கோபுரத்தின் கீழே இருக்கும் வாசலுக்கு இன்றும் விசுவாச வாசல் என்றுதான் பெயர்.

இன்னொன்றும் இருக்கிறது. 1989 ஆகஸ்ட் 19 அன்று சோப்ரோன் அருகே ஆஸ்திரிய எல்லையில் ஒரு பிக்னிக் ஏற்பாடு செய்தார்கள். எல்லைக் கதவை மூன்று மணி நேரம் திறந்துவைப்பதாகத் திட்டம். காவல் பொறுப்பில் இருந்தவர் அர்பாத் பெல்லா என்ற லெப்டினன்ட் கர்னல். அவர் கையில் இருந்தது விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். விழாவுக்கு வரும் பிரதிநிதிகளை எதிர்பார்த்து நின்றவர் முன்னால், மேற்கே தப்பிப் போக நினைத்த கிழக்கு ஜெர்மானியர்கள் குழந்தை குட்டிகளோடு கூட்டமாக வந்துவிட்டார்கள். சுடுவதா, விடுவதா என்று முடிவெடுக்க அவருக்குக் கிடைத்தது சில நொடிகள். விட்டுவிட்டார். அவருடைய ஆட்கள் கூட்டத்துக்கு முதுகைக் காட்டியபடி, ஆஸ்திரியாவிலிருந்து வந்தவர்களின் பாஸ்போர்ட்டுகளைச் சரிபார்த்துக்கொண்டு நின்றார்கள். அன்று 600-க்கும் மேற்பட்டவர்கள் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். மூன்று மாதத்துக்குள் பெர்லின் சுவர் விழுந்தது. ஐரோப்பாவின் வரலாறு திரும்பிய ஊர், ஐயா அது. பத்திரிகைகள் எழுதாததால் நமக்குத் தெரியாமல் போயிற்று. பெண்கள் கூடைப்பந்துக்கும் அதே கதிதான்.

சரி, கோப்பைக்கு வருகிறேன்.

ஆட வந்தவர்களைத்தானே ஜெயிக்க முடியும்? 2022 ஏப்ரலில் இறுதி ஆட்டம் நடந்தது இஸ்தான்புல்லில். எதிரணி ஃபெனர்பாச்சே, அந்த ஊரின் சொந்த அணி. அரங்கம் முழுக்க அவர்கள் ஆதரவாளர்கள். அங்கே போய் 60-55 என்று ஜெயித்தது சோப்ரோன். பெண்கள் கூடைப்பந்தில் இந்தக் கோப்பையைத் தொட்ட முதல் ஹங்கேரி அணி அதுதான். நான்கு வருடம் முன்பு, 2018-ல், இறுதிச் சுற்று சோப்ரோனிலேயே நடந்தது. ரஷ்யாவின் யூரல் மலைப் பக்கத்து எகடெரின்பர்க் அணி வந்து 72-53 என்று உதைத்துவிட்டுப் போனது. அந்த அடியை வாங்கிக்கொண்டு, கலையாமல் நின்று, திரும்பி வந்து வாங்கிய கோப்பைக்கு அதிர்ஷ்டம் என்று பெயர் வைத்தால் என்ன நியாயம்?

எகடெரின்பர்க் அன்று ஐரோப்பாவின் பலமான அணி என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. முந்தைய வருடத்துக் கோப்பை அவர்களிடம்தான் இருந்தது. 2003 முதல் 2021 வரை ரஷ்ய அணிகள் 12 முறை இந்தக் கோப்பையை எடுத்துப் போயிருக்கின்றன. அதற்காக அவர்கள் வந்திருந்தால் ஜெயித்தே தீருவார்கள் என்று சொல்லிவிட முடியாது. 2014-ல் இறுதிச் சுற்று எகடெரின்பர்க்கிலேயே நடந்தது. இறுதி ஆட்டத்துக்கு வந்தவை இரண்டு துருக்கி அணிகள்! அடுத்த வருடம் செக் நாட்டின் பிராகாவில், அந்த ஊர் அணியிடம் எகடெரின்பர்க் 72-68 என்று தோற்றது.

இதே கணக்கை நம் வீட்டிலும் போட்டுப் பாருங்கள். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் இந்திய ஆண்கள் ஹாக்கி அணி தங்கம் வென்றது. நம் வாசுதேவன் பாஸ்கரன்தான் கேப்டன். மேற்கு ஜெர்மனி, ஹாலந்து, பாகிஸ்தான், ஆஸ்திரேலியா எதுவும் வரவில்லை. ஆடியது ஆறே அணிகள். இறுதியில் ஸ்பெயினை 4-3 என்று வென்றோம். ஹாக்கியில் இந்தியாவுக்கு எட்டுத் தங்கம் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சொல்கிறார்களே, அந்த எட்டில் இதுவும் ஒன்று. யாராவது ஏழரை என்று எண்ணியிருக்கிறார்களா? எண்ணக் கூடாது. பாஸ்கரனின் அணி வந்தவர்களோடு ஆடி ஜெயித்தது, தங்கம் நம்முடையது. அதே ஒலிம்பிக்கில் பெண்கள் ஹாக்கியில் ஜிம்பாப்வே தங்கம் வென்றது. பல நாடுகள் வராததால் கடைசி நேரத்தில் அழைக்கப்பட்ட அணி அது. அந்தத் தங்கத்தைப் பற்றிப் பேச வருகிறவர்கள் எல்லாரும் முதலில் சொல்வது, யார் யார் வரவில்லை என்பதைத்தான். ஆண்கள் ஜெயித்தால் சரித்திரம், பெண்கள் ஜெயித்தால் விளக்கம் கேட்பது என்ற இந்த வழக்கத்தோடு நான் இந்தப் பக்கத்தில் வெகு காலமாகச் சண்டை போட்டு வருகிறேன். இன்னும் போடுவேன்.

ரஷ்ய அணிகளுக்கு அந்த பலம் எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்டிருக்கலாம். மாஸ்கோ பக்கத்து ஸ்பார்தக் அணி 2007 முதல் தொடர்ந்து நான்கு வருடம் கோப்பை வென்றது. அதன் முதலாளி ஷப்தாய் கல்மனோவிச். சோவியத் உளவாளி என்று இஸ்ரேலில் சிறையில் இருந்து வெளியே வந்த பணக்காரர். அமெரிக்காவின் டயானா டொராசியையும் சூ பேர்டையும் வரவழைத்து ராஜ உபசாரம் செய்தார். 2009 நவம்பரில் மாஸ்கோ தெருவில் காரில் வைத்தே அவரைச் சுட்டுக் கொன்றார்கள். எகடெரின்பர்க் அணிக்குப் பின்னால் இருப்பது ஒரு செம்புக் கம்பெனி. 2015-ல் அந்தக் கம்பெனி டொராசிக்குப் பணம் கொடுத்து, அமெரிக்க லீக்கில் ஆடாமல் ஓய்வெடுங்கள் என்றது. அமெரிக்க லீக்கின் உச்ச சம்பளமே அப்போது ஒரு லட்சம் டாலருக்குக் கொஞ்சம் மேலேதான். எகடெரின்பர்க் ஒரு சீசனுக்கு 15 லட்சம் டாலர் கொடுத்ததாகச் செய்தி. உலகின் மிகச் சிறந்த ஆட்டக்காரியைச் சொந்த நாட்டு லீக் அந்த விலைக்குத்தான் மதித்தது!

இதன் விலையைக் கடைசியில் கொடுத்தவர் அமெரிக்க ஆட்டக்காரி பிரிட்னி கிரைனர். அதே 2021-22 சீசனில் எகடெரின்பர்க் அணிக்கு ஆடத் திரும்பிப் போனவரை, 2022 பிப்ரவரி 17 அன்று மாஸ்கோ விமான நிலையத்தில் பிடித்தார்கள். பையில் கஞ்சா எண்ணெய் இருந்தது என்று குற்றச்சாட்டு. ஒரு வாரத்தில் போர் தொடங்கியது. அதிலிருந்து ஒரு வாரத்துக்குள் ரஷ்ய அணிகள் சர்வதேசக் கூடைப்பந்திலிருந்து நிறுத்தப்பட்டன. ஆகஸ்டில் அவருக்கு ஒன்பது வருடச் சிறை. டிசம்பர் 8 அன்று, அமெரிக்கச் சிறையில் இருந்த ரஷ்ய ஆயுத வியாபாரி விக்டர் பூட்டுக்கு மாற்றாக விடுவித்தார்கள். உள்ளூர் லீக்கில் உரிய சம்பளம் கிடைத்திருந்தால், அமெரிக்காவில் விடுமுறையாக இருக்கும் பனிக்காலத்தில் அவர் யூரல் மலைப் பக்கம் போயிருக்க வேண்டியதே இல்லை. அந்த சீசனைப் பற்றி எனக்குக் கோபம் இருக்கிறதென்றால், அது இதில்தான். நீங்களோ சோப்ரோனின் ஐந்து புள்ளியில் வந்து நிற்கிறீர்கள்.

ரஷ்யக் கதவு மூடியதும் ஆட்டக்காரிகள் துருக்கிப் பக்கம் திரும்பினார்கள். எகடெரின்பர்க்கில் ஆடிய பெல்ஜியத்தின் எம்மா மீஸ்மேன் ஃபெனர்பாச்சே போனார். 2023, 2024 இரண்டு கோப்பையும் ஃபெனர்பாச்சேவுக்கு. 2025-ல் பிராகா.

கடைசியாக கேபி வில்லியம்ஸ். சோப்ரோன் ஜெயித்த இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரி. 2024 பாரிஸ் ஒலிம்பிக் இறுதியில் பிரான்ஸுக்காக ஆடினார். எதிரே அமெரிக்கா. மூன்று புள்ளி பின்தங்கியிருந்தபோது, ஆட்டம் முடிகிற நொடியில் தூரத்திலிருந்து எறிந்தார். பந்து கூடைக்குள் போனது. ஆனால் எறியும்போது கால் மூன்று புள்ளிக் கோட்டை மிதித்திருந்தது. மூன்றுக்குப் பதில் இரண்டு, 67-66. அந்தக் கால் கொஞ்சம் பின்னால் இருந்திருந்தால் ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போயிருக்கும். அதற்காக அமெரிக்காவின் தங்கத்தை அதிர்ஷ்டத் தங்கம் என்று நான் எழுதமாட்டேன், கேபியும் அப்படிக் கேட்கமாட்டார். சோப்ரோனுக்கும் அதே நியாயத்தைக் கொடுங்கள்.

அடுத்த சீசன் தொடங்கியதும் இந்த லீக்கின் முடிவுகளை விளையாட்டுப் பக்கத்தில் வாரந்தோறும் போடச் சொல்லியிருக்கிறேன். இடம் இல்லை என்று பதில் வந்தது. என் பக்கத்தில் பத்து வரி வெட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.