கருவியை எந்தச் சரிவில் மாட்டுவது? ஒலிக் கண்காணிப்பு: கேள்வி பதில்

ஹட்டன், ஆசிரியை: பறவைக் குரல் பதிய, ஒலிப்பதிவுக் கருவியைச் சுற்றி 200 மீற்றர் வட்டம் வரைந்து, அதற்குக் கேட்கும் இடம் என்று குறித்தோம். சரிதானா?

சமதரைக்குச் சரி. திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் ஒலி 6 டெசிபெல் குறையும். வட்டம் அந்தக் கணக்கில் வந்தது. மலையில் இடையே ஒரு முகடு நின்றால் மறுபக்கம் ஒலி நிழல்தான். தாழ்ந்த மீடிறன் (தடித்த குரல்) ஓரளவு வளைந்து இறங்கும், உயர்ந்தது (கீச்சுக் குரல்) இறங்காது. விண்ணோடத்திலிருந்து ரேடாரால் அளந்த, 30 மீற்றர் நுணுக்கமுள்ள எஸ்.ஆர்.டி.எம். நில உயரத் தரவு இலவசம். அதில் நிழலைக் கழித்த பின் மிஞ்சும் பரப்புத்தான் உங்களுடையது. ஒடுங்கிய ஓடைப் பள்ளங்கள் அதில் தெரியா. நடந்துதான் பார்க்க வேண்டும்.

நுவரெலியா, மாணவர்: சிறுத்தைக்கும் பறவைக்கும் ஒரே வரைபடம் போதுமா?

போதாது. 10 பாகை செல்சியஸ், 70 சதவீத ஈரப்பதத்தில் (உங்கள் ஊர் விடியற்காலைக் குளிர்) 250 ஹேர்ட்ஸ் ஒலியில் காற்று உறிஞ்சுவது கிலோமீற்றருக்கு 1 டெசிபெல். 8000 ஹேர்ட்ஸ் என்றால் 117. ஆகவே சிறுத்தையின் தடித்த குரலுக்குப் பெரிய பரப்பு, பறவையின் கீச்சுக் குரலுக்குச் சிறிய பரப்பு.

மஸ்கெலியா: இரவில் அடுத்த மலைக் கோயில் ஒலிபெருக்கி தெளிவாகப் பதிகிறது, பகலில் இல்லையே?

தெளிந்த இரவில் தரையோரக் காற்று குளிர்ந்து, மேற்காற்று சூடாக இருக்கும். ஒலி கீழே வளையும். வெயிலில் நேர்மாறு. தவளைகளை எண்ணுவதென்றால் இரவுக் கணக்கையே போடுங்கள். திருவிழா நாட்களை விட்டுவிடுங்கள்!

பண்டாரவளை: இலங்கைச் சீகாரப் பூங்குருவி ஓடையோரம்தானே வாழ்கிறது? கருவியையும் அங்கேயே வைத்தால் என்ன?

பலர் சறுக்கும் இடம் இது. குரல் எவ்வளவு வந்து சேர்கிறது என்பதோடு, இரைச்சலுக்கு மேலே எழுகிறதா என்றும் பார்க்க வேண்டும். 1 மீற்றரில் 80 டெசிபெல் குரல் என்று வைத்துக்கொள்வோம். பரவலால் மட்டுமே 100 மீற்றரில் அது 40 ஆகிவிடும். பின்னணி 30 என்றால் கேட்கும். ஓடையே 50 என்றால் ஏறத்தாழ 30 மீற்றரில் மூழ்கிவிடும். ஓடையைவிட்டுச் சற்று மேலே, பாறை நீரோசையை மறைக்கும் இடத்தைத் தேடுங்கள். இரைச்சலை வரட்சியில் ஒருமுறை, தென்மேற்குப் பருவமழையில் ஒருமுறை அளந்துகொள்ளுங்கள். வரட்சி அளவை மட்டும் நம்பிப் போட்ட வரைபடம் ஜூன் மாதத்தில் உதவாது.

மாத்தளை: எந்த மென்பொருள் வாங்கலாம்?

முதலில் எதுவும் வேண்டாம். காற்று உறிஞ்சலுக்கு ஐ.எஸ்.ஓ. 9613-1 என்ற சர்வதேசத் தரநிலையில் சூத்திரம் இருக்கிறது, விரிதாள் போதும். பிறகு ஒலிபெருக்கியோடு ஒருவரைச் சரிவில் நிறுத்தி, கணக்கும் பதிவும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். இலையடர்ந்த காட்டில் வித்தியாசம் வரும். அதைக் கணக்கில் சேர்த்துத் திருத்துங்கள். ஹோட்டன் சமவெளிக்குள் என்றால் வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி முதலில்.