குற்றம் எங்கே தொடங்குகிறது? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

சிறார் குற்றங்களை ஆராய்வதும் கற்பிப்பதும் என் வேலை. பதில்களுக்குள் போகுமுன் ஒன்று. சிறையில் இருப்பவரின் பிள்ளைப் பருவத்தைத் தோண்டினால், கிடைப்பதெல்லாம் காரணம் போலவே தெரியும். பிறந்ததிலிருந்து பிள்ளைகளைத் தொடர்ந்து போகும் ஆய்வுகளைத்தான் நம்ப வேண்டும்.

ஒரு தாய்: என் 15 வயது மகன் கூட்டாளிகளோடு சேர்ந்து கடையில் திருடி மாட்டிக்கொண்டான். இதுவரை ஒரு புகார்கூட வந்ததில்லை. இனி இவன் இப்படித்தானா மேடம்?

இல்லைம்மா. நியூசிலாந்தின் டுனீடன் நகரில் 1972-73இல் பிறந்த 1,037 குழந்தைகளை இன்றுவரை தொடர்ந்து பார்த்து வருகிறார்கள். அந்த ஆய்வை ஒட்டி உளவியலாளர் டெர்ரி மொஃபிட் 1993இல் இரண்டு வகைகளைப் பிரித்துக் காட்டினார். பதின்வயதில் தொடங்கி, பெரியவர்களானதும் விட்டுவிடுகிறவர்கள் ஒரு வகை. இவர்கள்தான் மிகப் பலர். நாலைந்து வயதிலேயே அடிதடி, அடங்காமை என்று ஆரம்பித்து வாழ்நாள் முழுக்கத் தொடர்கிறவர்கள் இன்னொரு வகை, மிகச் சிலர்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்கள் மகன் முதல் வகை. பொருளை அவன் கையாலேயே திருப்பிக் கொடுக்கச் செய்யுங்கள். கடைக்காரரிடம் அவனே பேசட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். மாலையில் எங்கே போகிறான், யாரோடு என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். உறவினர் முன்னால் அவனைத் ‘திருடன்’ என்று மட்டும் சொல்லாதீர்கள்.

சட்டக் கல்லூரி மாணவர்: குற்றம் மரபணுவிலேயே இருக்கிறதா?

பிறவிக் குற்றவாளியை மண்டையையும் தாடையையும் வைத்தே அடையாளம் காணலாம் என்று 1876இல் இத்தாலிய மருத்துவர் லோம்ப்ரோசோ எழுதினார். சுமார் 3,000 ஆங்கிலேயக் கைதிகளை அளந்து பார்த்த சிறை மருத்துவர் சார்லஸ் கோரிங், அப்படி ஒரு தனி உடல்வாகு இல்லை என்று 1913இல் காட்டினார். இப்போது அந்த இடத்துக்கு எம்.ஏ.ஓ.ஏ. மரபணு வந்திருக்கிறது; மூளையின் சில வேதிப்பொருள்களைச் சிதைக்கும் நொதியை உண்டாக்குவது அது. டுனீடன் ஆண்களிடம் 2002இல் கண்டது இதுதான்: அந்த மரபணுவின் வீரியம் குறைந்த வடிவம் மட்டும் இருந்தால் பெரிய வித்தியாசம் இல்லை, அதோடு சிறுவயதுக் கொடுமையும் சேர்ந்தபோதுதான் வன்முறை கூடியது. அந்த வடிவம் ஐரோப்பிய ஆண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு உண்டு. அத்தனை பேருமா குற்றவாளிகள்?

பெயர் சொல்லாதவர்: நான் அடி உதை பட்டு வளர்ந்தவன். நானும் அப்படியே ஆகிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

அமெரிக்காவில் சிறுவயதில் கொடுமைக்கோ புறக்கணிப்புக்கோ ஆளானதாக நீதிமன்றப் பதிவு உள்ளவர்களைப் பின்தொடர்ந்தார்கள். பதின்வயதில் கைதானவர்கள் 100க்கு சுமார் 27 பேர். அப்படி எதுவும் நேராதவர்களில் 17. ஆபத்து கூடுகிறது, உண்மை. ஆனால் மீதி 73 பேரும் அதே அடியை வாங்கியவர்கள்தான். உங்கள் பயத்தை மனநல ஆலோசகர் ஒருவரிடம் பேசுங்கள். சுமந்துகொண்டே இருக்க வேண்டியதில்லை.

ஓய்வுபெற்ற காவல் அதிகாரி: சேட்டை செய்யும் பையன்களை ஒரு நாள் சிறைக்குள் அழைத்துப்போய் ஆயுள் கைதிகளைப் பேச வைத்தால் போதும், திருந்திவிடுவார்கள்.

அமெரிக்காவின் நியூஜெர்சியில் 1970களில் இதைத்தான் செய்தார்கள், ஐயா. அதைப் பற்றிய ஆவணப்படமும் புகழ்பெற்றது. பிறகு, குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்த 9 சோதனைகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். சிறைக்குப் போய்வந்த பையன்கள்தான் போகாதவர்களைவிட அதிகமாகக் குற்றம் செய்திருந்தார்கள்.

அதே அதிகாரி: என் பணிக்காலத்தில் அழுதுகொண்டே வெளியே வந்த பையன்களை நேரில் பார்த்திருக்கிறேன் அம்மா.

அழுதது பொய்யில்லை. அடுத்த ஆண்டு அவன் என்ன செய்தான் என்பதல்லவா கேள்வி?

பள்ளி ஆசிரியை: அன்பாக நடத்தினால் மட்டும் போதுமா? நல்லெண்ணத்தோடு செய்வது எப்படிக் கெடுதலாகும்?

ஆகும். நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கும் ஆய்வு அது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1939இல் தொடங்கியது. 506 பையன்கள், ஒரே மாதிரியானவர்களை இரண்டிரண்டாகச் சேர்த்து, நாணயம் சுண்டி ஒருவனைத் தேர்ந்தார்கள். அவனுக்கு மட்டும் சராசரியாக ஐந்தாண்டுக்கு மேல், மாதம் இருமுறை வீட்டுக்கு வரும் ஆலோசகர், படிப்பில் உதவி, மருத்துவம், கோடை முகாம். முப்பது ஆண்டுக்குப் பிறகு குற்றவியல் ஆய்வாளர் ஜோன் மெக்கார்ட் அவர்களைத் தேடிப் பிடித்தார். மூன்றில் இரண்டு பங்குப் பேர் ‘அது எனக்கு உதவியது’ என்றார்கள். ஆவணங்களில் கண்டதோ வேறு: உதவி பெற்றவர்களில்தான் மதுப்பழக்கமும் மனநோயும் இளவயது மரணமும் மறுகுற்றமும் அதிகம். முகாமுக்குத் திரும்பத் திரும்ப அனுப்பப்பட்டவர்களின் நிலை இன்னும் மோசம். சேட்டைக்காரப் பிள்ளைகளை ஒன்றாகச் சேர்த்தால், செய்த சேட்டையைச் சொல்லி ஒருவரையொருவர் சிரிக்க வைப்பதே அங்கே பாராட்டாகிவிடுகிறது. சகவாச தோஷம் என்கிறோமே, அதை நாமே ஏற்பாடு செய்துகொடுத்த மாதிரி. அன்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர்களைக் கும்பலாகச் சேர்க்காதீர்கள்.

காவல் அதிகாரி, மீண்டும்: அப்படியானால் தண்டனையே வேண்டாமா?

வேண்டும். ஆனால் மாட்டிக்கொள்வோம் என்ற நிச்சயம் தடுக்கும் அளவுக்குத் தண்டனையின் நீளம் தடுப்பதில்லை. இத்தாலியச் சிந்தனையாளர் பெக்காரியா 1764இலேயே சொன்னது. பின்வந்த ஆய்வுகளும் அந்தப் பக்கமே நிற்கின்றன. உங்கள் துறை துப்புத் துலக்குவதற்குத்தான் என் ஓட்டு.

ஒருவர்: குற்றவாளிகளின் மரபணுவைப் பரிசோதித்தால் என்ன?

மேலே மாணவருக்குச் சொன்னதே பதில்.

இன்னொருவர்: பிறவியிலேயே சிலர் அப்படித்தானே?

இதையே வெவ்வேறு சொற்களில் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். மேலே படியுங்கள்.

கணினித் துறை நண்பர்: சிலர்தான் பெரும்பாலான குற்றங்களைச் செய்கிறார்கள் என்று படித்தேன். அவர்களை முன்கூட்டியே கண்டுபிடித்து அடைத்துவிடலாமே?

படித்தது சரி. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் 1945இல் பிறந்த 9,945 பையன்களில் 627 பேர் ஐந்து முறையோ அதற்கு மேலோ பிடிபட்டவர்கள். மொத்தக் குற்றங்களில் பாதிக்குமேல் இவர்களுடையவை. ஆனால் ஐந்தாவது முறைக்குப் பிறகுதான் அவர்கள் யாரென்று தெரிந்தது. மறுபடியும் அதே எச்சரிக்கை: பின்னால் திரும்பிப் பார்த்தால் எல்லாம் தெளிவு. குற்றவாளியான பெரியவர்கள் பலர் சிறுவயதிலேயே அடங்காதவர்கள். அடங்காத பிள்ளைகளில் பெரும்பாலோர் குற்றவாளி ஆவதில்லை. இரண்டும் ஒருசேர உண்மை. முன்கூட்டி அடைத்தால், எதுவுமே செய்யாதிருக்கக்கூடியவர்களைத்தான் அதிகம் அடைப்பீர்கள்.

ஒருவர்: வறுமைதானே மூல காரணம்?

ஒரு காரணம். 1939இல் அமெரிக்கச் சமூகவியலாளர் சதர்லாண்ட் பெரிய நிறுவனங்களின் மோசடிகளை எடுத்துக்காட்டிக் கேட்டார்: இவர்கள் ஏழைகளா? குற்றத்தையும் கூட இருப்பவர்களிடமிருந்தே கற்கிறோம் என்பது அவர் வாதம்.

ஒருவர்: என் தம்பி மீது வழக்கு, ஜாமீன் கிடைக்குமா?

என் துறையல்ல. இன்றே வழக்கறிஞரைப் பாருங்கள். பணம் இல்லையென்றால் இலவசச் சட்ட உதவி கேளுங்கள்.

பட்டறை நடத்துபவர்: எட்டு வருஷத்துக்கு முன் திருட்டு வழக்கில் தண்டனை பெற்றவர் வேலை கேட்கிறார். அதற்குப் பிறகு எந்த வழக்கும் இல்லை. சேர்க்கலாமா?

சேருங்கள். சீர்திருத்தப் பள்ளியில் இருந்த 500 பையன்களின் பழைய கோப்புகள் ஹார்வர்டு சட்ட நூலகத்தின் அடித்தளத்தில் கிடந்தன. சாம்ப்சன், லாப் என்ற இரு குற்றவியல் ஆய்வாளர்கள் அவற்றை எடுத்து, அந்த மனிதர்களை 70 வயதுவரை தொடர்ந்தார்கள். குற்றத்தை விட்டவர்களின் வாழ்க்கையில் திரும்பத் திரும்பத் தென்பட்டவை நிலையான வேலை, நல்ல மணவாழ்க்கை போன்றவை. ஆறேழு ஆண்டுகள் புதுக்குற்றம் இல்லாமல் கழிந்தால், பழைய வழக்கு உள்ளவருக்கும் வழக்கே இல்லாதவருக்கும் இடையில் ஆபத்து ஏறக்குறைய ஒன்றாகிவிடுகிறது என்பதும் வேறு ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. உங்களிடம் வந்தவர் எட்டு வருஷம் தாண்டியவர். மற்றவர்களுக்குக் கொடுக்கும் அதே சம்பளத்தைக் கொடுங்கள். பழைய கதையைப் பட்டறையில் யாரிடமும் சொல்ல வேண்டாம்.